அங்கி போட்ட லைன்மேன்

“மின்தடை ஒழுங்குப் பொறுப்பாளர்: திரு. நல்லக்கண்ணு. சபையாருக்கு இடையூறின்றி, ஓசை எழுப்பாமல், தாம் இருக்குமிடம் பிறர் அறியாவண்ணம் பணியாற்றுவார்.”

திருச்சபைச் சேகரத்தின் டிசம்பர் மாதச் சுற்றறிக்கையில் இப்படி அச்சாகியிருந்தது. அது வாசலில் விநியோகமாகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மேற்படி திரு. நல்லக்கண்ணு ஆலயத்தின் நட்டநடுவே ஒரு ஸ்டூலின் மேல் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

“ஒரு விசில்னா அசையாம உக்காரணும். ரெண்டு விசில்னா டார்ச்சுக்காரங்க மட்டும் எந்திக்கணும். மூணு விசில்னாத்தான் மெழுகுவர்த்தி. விசில் கேக்காம ஒருத்தரும் தீப்பெட்டியத் தொடப்பிடாது. போன் வெளிச்சமும் ஆகாது, சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டு ஒரு விசில் ஊதினார். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்கள், உட்கார வேண்டும் என்பதற்காக ஒருமுறை எழுந்து உட்கார்ந்தார்கள்.

நல்லக்கண்ணு சங்கரன்கோவில் வட்டாரத்தில் முப்பத்தொரு வருஷம் லைன்மேனாக இருந்து, போன மே மாதம் ஓய்வு பெற்றவர். மற்றவர்கள் பேனா செருகும் இடத்தில் அவருக்கு டெஸ்டர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் மீட்டர் பெட்டியைப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை. ஒரு துட்டி வீட்டில் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, இறந்தவரின் மைத்துனரைத் தனியே கூப்பிட்டு அவர் சொன்ன ஆறுதல்: “எர்த்து சரியா இல்ல. பாத்துக்கிடுங்க.”

புதிதாக எதைத் தொடுவதானாலும் புறங்கையால்தான் தொடுவார். உள்ளங்கையால் தொட்டால் கரண்ட் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் உதறிவிடும் என்பது அவர் தொழிலில் படித்த முதல் பாடம். அது இட்லித் தட்டுக்கும் பொருந்தும், பேரப்பிள்ளையின் நெற்றிக்கும் பொருந்தும். பேராயர் ஒருமுறை வந்திருந்தபோது, நீட்டிய கையை இவர் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டி, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே குலுக்கினார்.

ஊரெல்லாம் வெளிச்சம் கொடுத்தவர் வீட்டில் ஒரு டார்ச் கிடையாது. இன்வெர்ட்டர் கிடையாது. கரண்ட் போனால் இருந்த இடத்தில் அப்படியே இருட்டில் உட்கார்ந்திருப்பார். கேட்டால், “போன கரண்டு வரத்தானே செய்யும். அதுக்கு நாம என்னத்துக்குப் போட்டி போடணும்?” என்பார். இப்படிப்பட்டவரைத்தான் சேகரக் கமிட்டி மின்தடைக்குப் பொறுப்பாக்கியது. காரணம் எளிது. சபையில் கரண்டைப் பற்றித் தெரிந்தவர் அவர் ஒருவரே. அந்தப் பதவிக்கு அவர் சம்மதித்த காரணம்தான் கொஞ்சம் சிக்கலானது.

நல்லக்கண்ணுவுக்குக் குரல் உண்டு. அடித்தொண்டையில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஒரு குரல். முப்பத்தொரு வருஷமாக ஆலயத்தின் பாடகர் குழுவில் இருக்கிறார். கிறிஸ்துமஸ் கீத ஆராதனையில் ஒரு பாட்டு வரும். அதன் மூன்றாவது சரணத்தில் நாலு வரியைக் கனத்த குரலில் ஒரே ஒரு ஆள் பாட வேண்டும். அந்த நாலு வரி அவருக்கு ஒதுக்கப்பட்டது. முப்பத்தொரு டிசம்பரிலும் அவர் அதைப் பாடியதில்லை. டிசம்பர் என்றால் மழை; மழை என்றால் எங்கேயாவது ஒரு கம்பி அறும். முதல் சரணத்திலோ இரண்டாவது சரணத்திலோ ஆபீஸிலிருந்து அழைப்பு வந்துவிடும். நல்லக்கண்ணு வெள்ளை அங்கியை இடுப்பில் சுருட்டிச் செருகிக்கொண்டு மொபெட்டில் பறப்பார். அவருடைய நாலு வரியைப் பக்கத்தில் நிற்கிற யாராவது தும்மலை அடக்குகிற குரலில் பாடி முடிப்பார்கள். ஒரு வருஷம் அங்கியைக் கழற்றவும் நேரமில்லாமல் ராயகிரி விலக்கில் கம்பத்தில் ஏறிவிட்டார். அந்தரத்தில் ஒரு வெள்ளை அங்கி அசைவதைக் கண்ட இரண்டு பயணிகள், டிக்கெட் அதுவரைக்கும்தான் எடுத்திருந்தும் பஸ்ஸை விட்டு இறங்க மறுத்துச் சிவகிரி வரை போய்விட்டதாகக் கேள்வி.

இந்த வருஷம் அழைக்க ஆள் இல்லை. ஓய்வு பெற்ற மறுநாளே பயிற்சியைத் தொடங்கினார். காலையில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம், சாயங்காலம் குளியலறையில் அரை மணி. ஜூலை மாதம் பக்கத்து வீட்டு ஷாஹின் பானு சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, “அண்ணாச்சி, ரொம்ப நேரமா உங்க மோட்டார் ஓடுது. தொட்டி நெறஞ்சிருக்கும், பாருங்க” என்றார். நல்லக்கண்ணு நன்றி சொல்லிவிட்டு, அரை சுருதி ஏற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் பேப்பரில் அந்த அறிவிப்பு வந்தது. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, சனிக்கிழமை காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்சாரம் இருக்காது. கீத ஆராதனை அதே சனிக்கிழமை, ஆறு மணிக்கு. மழை பிடித்தால் ஐந்து மணி ஏழு மணியாகும் என்பது ஊரறிந்த விஷயம். கமிட்டிச் செயலாளர் தேவஇரக்கம், நல்லக்கண்ணுவின் பழைய ஆபீஸுக்கு ஒரு போன் போட்டு வேலையை வேறு நாளுக்கு மாற்றச் சொல்ல முடியுமா என்று பக்குவமாகக் கேட்டுப் பார்த்தார். அது மட்டும் முடியாது என்று நல்லக்கண்ணு சொல்லிவிட்டார். ஈரக் கம்பத்தில் ஏறுகிறவனை அவசரப்படுத்துவது பாவம். ஆனால் கரண்ட் போனாலும் பாட்டு நிற்காமல் பார்த்துக்கொள்வது தன் பாடு. அவருக்குக் கரண்டைப் பற்றிக் கவலையே இல்லை. கீபோர்டு நிற்கக் கூடாது. கீபோர்டு நின்றால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் குருவானவர் ஒரு ஜெபம் செய்வார், ஜெபம் முடிந்தால் பாடகர் குழு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். மூன்றாவது சரணம் முப்பத்திரண்டாவது தடவையும் போய்விடும்.

ஆகவே ஆயத்தங்கள் ஆரம்பமாயின. டார்ச்சுக்கு ஆறு பேர் நியமனமானார்கள். மெழுகுவர்த்திகள் பேப்பர் கப்பில் துளையிட்டுச் செருகப்பட்டன. பட்டுச்சேலைக்காரர்கள் ஜன்னல் ஓரம். குடிலின் மேல் ஒட்டியிருந்த பஞ்சுதான் சங்கரன்கோவில் காணக்கூடிய ஒரே பனி. தீப்பிடிக்கும் என்று அதையும் பிய்த்துவிட்டார். இயேசு பாலன் அந்த வருஷம் பனியில்லாமல், உள்ளூர்ச் சீதோஷ்ணத்திலேயே பிறந்தார்.

ஜெனரேட்டர், சவுண்ட் சர்வீஸ் சுடலைமணியுடையது. ஆடித்தபசுக்கும் அவர்தான், கிறிஸ்துமஸுக்கும் அவர்தான். சனிக்கிழமை காலையிலேயே கொண்டுவந்து ஆலயத்தின் பின்னால் இறக்கி, ராத்திரி ஆராதனைக்குப் போதுமான டீசலை ஊற்றி வைத்தார். நல்லக்கண்ணுவுக்கு மனசு கேட்கவில்லை. பத்து மணிக்கு ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. நன்றாக ஓடுகிறதா என்று பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஓட்டிப் பார்த்தார். இரண்டு மணிக்கு விசிலோடு சேர்த்து ஒரு முழு ஒத்திகை. நாலு மணிக்குக் கீபோர்டோடு இன்னொன்று. “டீசல பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்று சுடலைமணி ஒருதரம் சொன்னார். ஒத்திகையில் எரிவது வேறு ஏதோ டீசல் என்பதுபோல, நல்லக்கண்ணு கையை ஆட்டினார். சுடலைமணி ஒரு சடங்கு வீட்டுக்கு மைக் கட்டப் புளியங்குடிக்குப் போய்விட்டார்.

நாலரைக்கு மழை பிடித்தது. ஐந்துக்குக் கரண்ட் வரவில்லை. ஐந்தரைக்கு நல்லக்கண்ணு மெயின் பலகையைத் திறந்து, ஒத்திகைகளின்போது செய்ததுபோலவே மூன்று பியூஸ் கேரியரையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பீங்கான் கட்டைகள், பை தொங்கிப்போயிற்று. தேவஇரக்கம் ஏன் என்று கேட்டார்.

“ஜெனரேட்டர் ஓடுத நேரம் எவனாவது கரண்டு வந்துட்டான்னு பாக்க மெயினத் தூக்கிவிடுவான் வே. இங்கன உள்ள கரண்டு லைனுக்குப் போகும். அங்கன கம்பத்துல ஒருத்தன் நிப்பான். இது எம் பையில கெடக்க வரைக்கும் அவன் பத்திரம்.”

அதில் மட்டும் அவர் விளையாடவில்லை. பைக்கு மேல் வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, விசிலையும் அங்கிக்குள் தள்ளிவிட்டு, முன் வரிசையில் போய் நின்றார்.

ஆறு மணிக்கு ஆராதனை தொடங்கியது. பின்னால் ஜெனரேட்டர் உறுமியது. முந்நூறு பேர் கையில் பேப்பர் கப் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பாட்டு வந்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்தின் கடைசி வரியில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது, ஒரு முறை விக்கியது, நின்றது. விளக்குகள் போயின. கீபோர்டு பாதி சுரத்தில் செத்தது.

யாரும் கூச்சல் போடவில்லை. யாரும் எழவில்லை. மெழுகுவர்த்தியை யாரும் ஏற்றவுமில்லை. டார்ச்சுக்காரர்கள் ஆறு பேரும் பொத்தானில் விரலை வைத்தபடி இருந்தார்கள். சபை அவ்வளவு நன்றாகப் பழக்கப்பட்டிருந்தது. முந்நூறு பேரும் இருட்டில் விசிலுக்காகக் காத்திருந்தார்கள். குருவானவர் தொண்டையைச் செருமினார். ஜெபம் வரப்போவதற்கு அதுதான் அடையாளம்.

ஜன்னலுக்கு வெளியே எதிர்ப் பரோட்டாக் கடையின் ட்யூப்லைட் இரண்டு முறை கண்ணடித்து எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது, தெருவுக்கு.

பின்பக்கத்திலிருந்து தேவஇரக்கம் குனிந்தபடி ஓடிவந்தார். விசிலில்லாமல் வெளிச்சம் காட்டிய குற்றத்துக்கு அஞ்சி, செல்போனை உள்ளங்கையால் பொத்தியிருந்தார். நல்லக்கண்ணுவின் காதருகே வந்து, “அண்ணாச்சி, லைன்ல கரண்டு வந்துட்டு. கம்பத்துல ஆளும் இறங்கியாச்சு, நான் பாத்துட்டேன். பியூஸத் தாங்க” என்றார்.

நல்லக்கண்ணு அவரைப் பார்க்கவில்லை. குருவானவர் இருந்த திசையைப் பார்த்தார்.

“செத்த பொறும் வே. முப்பத்தொரு வருசம் ஓடியிருக்கேன்.”

பாடகர் குழுவை நடத்தும் எஸ்தர்கனி டீச்சர் இருட்டில் கையைத் தூக்கியிருந்தாரா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. தெருவெல்லாம் விளக்கெரிய, ஊரிலேயே இருட்டாக இருந்த ஒரே கட்டிடத்துக்குள் நின்று, பையில் மூன்று பியூஸோடு, நல்லக்கண்ணு மூன்றாவது சரணத்தின் நாலு வரியையும் பாடினார். பாட்டுப் புத்தகத்தில் அப்படிப் போடவில்லை என்றாலும், கடைசி வரியை இன்னொரு தடவை பாடினார்.