வெளித்துறையில் நின்ற கப்பலுக்காகத் தூத்துக்குடியில் மூன்று நாள்

தூத்துக்குடிக்கு நான் ஊர் சுற்றப் போகவில்லை. என் கணவர் பாஸ்கரைப் பார்க்கப் போனேன். அவர் சரக்குக் கப்பலில், இயந்திர அறையில் ஃபிட்டர். போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. கடந்த பிப்ரவரியில் ஒரு காலை அவரிடமிருந்து செய்தி வந்தது. இந்தோனேசியாவில் நிலக்கரி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குத்தான் வருகிறோம், புதன்கிழமை கப்பல் கரையைப் பிடித்துவிடும், வெளியே வர அனுமதிச் சீட்டு தருவார்கள், நாள் பூராவும் சேர்ந்து சுற்றலாம் என்று எழுதியிருந்தார்.

நான் திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். மூன்று நாள் லீவு கேட்டு வாங்கினேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அவர் போகிற துறைமுகங்களின் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம், ஆனால் ஒன்றில்கூட அவரைப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்ப்பதோடு, சொல்லவும் ஒன்று இருந்தது. மார்ச்சில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் நாலு மாதம் இருக்க முடியுமா என்று கப்பலில் கேட்டிருந்தார்கள். போனில் இதை எடுத்தால் இரண்டாவது நிமிடம் சண்டை வரும், இல்லாவிட்டால் சிக்னல் போய்விடும். அதனால் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். கையெழுத்துப் போடாதீர்கள், வந்துவிடுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

புதன்கிழமை விடியற்காலையில் கிளம்பி மதுரையில் பஸ் மாறினேன். மாட்டுத்தாவணியிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 140 கிலோமீட்டர், 150 ரூபாய், மூன்றேகால் மணி நேரம். 10.50க்குப் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து பழைய பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் இரண்டு பேர் தங்கும் அறை 950 ரூபாய்க்குக் கிடைத்தது. மேசையில் இருந்தவர் பதிவேட்டை நீட்டிவிட்டு, "சார் பின்னால வாராவளாம்மா?" என்று கேட்டார். "சாயங்காலம் வந்துருவாரு" என்று சொல்லி, அவர் பெயரையும் சேர்த்தே எழுதினேன்.

அறைக்குள் போய்ப் பையை வைத்ததும் போன் அதிர்ந்தது. "முன்னாடி ரெண்டு கப்பல் நிக்குது. இன்னைக்கு இடம் இல்ல. நாளைக்குப் பாக்கலாம்."

கட்டிலில் இரண்டு தலையணை போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் வெளியே வந்தேன்.

முதலில் பனிமய மாதா பேராலயம். வெள்ளைக் கட்டடம், உள்ளே நல்ல குளிர்ச்சி. மத்தியானம் கூட்டம் இல்லை. எனக்கு ஜெபம் தெரியாது. அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கிருந்து கடற்கரைச் சாலையில் நடந்தால் பழைய துறைமுகம். உள்ளே விடமாட்டார்கள். தோணிகளின் பாய்மரங்களைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். இங்கே தோணி என்றால் சின்னப் படகு இல்லை, மாலத்தீவு வரைக்கும் வெங்காயமும் செங்கல்லும் கொண்டுபோகிற பெரிய மரக்கலம்.

முத்து வாங்க ஆசைப்பட்டு ஒரு கடையில் ஏறினேன். கடைக்கார அண்ணாச்சி நேர்மையானவர். "முத்துக்குளிக்கதெல்லாம் நின்னு எத்தனையோ வருசமாச்சும்மா. இது ஐதராபாத்து சரக்கு. நம்ம கடல்தான் வேணும்னா சங்கு வாங்கிட்டுப் போங்க" என்றார். கையடக்கமான ஒரு சங்கு 180 ரூபாய். வாங்கவில்லை. அவர் வந்த பிறகு சேர்ந்து வாங்கலாம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பரோட்டா கடை. "எத்தன பேரு?" என்று கேட்டார்கள். "ஒரு ஆள்" என்றேன். நாலு பேர் மேசையில் உட்கார வைத்துவிட்டு, சற்று நேரத்தில் ஒரு குடும்பம் வந்ததும் சுவரோரத்துக்கு மாறச் சொன்னார்கள். பொரித்த பரோட்டாவை நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றிக் கொஞ்சம் ஊறவிட வேண்டும். நான் பார்சல் கடையில் மட்டுமே பரோட்டா தின்றவள், இது வேறு சாப்பாடு. இரண்டு பரோட்டாவும் ஒரு ஆம்லெட்டும் 90 ரூபாய். இலையைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். ஒரு டிக் மட்டும் விழுந்தது.

வியாழக்கிழமையும் இடம் இல்லை. காலையில் மக்ரூன் வாங்கினேன். முட்டையின் வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த கூம்பு, வாயில் வைத்ததும் கரையும். கால் கிலோ 220 ரூபாய். பிறகு பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு ஆட்டோவில் ஏறினேன். ஓட்டுநர் பெயர் சேவியர், ஐம்பது வயதிருக்கும்.

"எங்கன போணும்மா?"

"வெளியில நிக்கிற கப்பலெல்லாம் தெரியிற இடம் ஏதாவது இருக்காண்ணே?"

அவர் திரும்பிப் பார்த்தார். "ஒங்க வீட்டுக்காரரு கப்பல்லயா?"

தலையாட்டினேன்.

"எங்க மச்சானும் அப்படித்தான் போயிருக்கான். ஏறுங்க, முயல் தீவுக்குப் போவோம். நின்னு கூட்டிட்டு வர அறுநூறு குடுங்க."

முயல் தீவு ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர், புதிய துறைமுகத்துக்குப் பக்கத்தில். போகிற வழியில் உப்பளங்கள். கண் கூசுகிற வெள்ளைக் குவியல்களை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். தீவு என்று பெயரே தவிர ஆட்டோவே போகிறது. அலையில்லாத கடல், குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நல்ல இடம். நாங்கள் போனபோது பதினொன்றரை, வெயிலில் யாரும் இல்லை.

சேவியர் அண்ணன் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார். "அந்தா, அஞ்சு நிக்கி. கரி ஏத்துன கப்பலு தண்ணிக்குள்ள தாழ்ந்து நிக்கும். கடைசில நிக்கில்லா, அதுவாத்தான் இருக்கும்."

போன் போட்டேன். உடனே எடுத்தார். அவ்வளவு தெளிவாக அவர் குரலைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன.

"கலா, டெக்குக்கு வந்துட்டேன். ஆரஞ்சு கலர் டிரஸ். கையாட்டுறேன், தெரியுதா?"

கப்பலே தீப்பெட்டி அளவில்தான் இருந்தது. அதில் ஆள் எங்கே தெரிவது? "தெரியுதுங்க" என்றேன். துப்பட்டாவைத் தூக்கி ஆட்டினேன். "நான் தெரியுறேனா?"

"ம், தெரியுற" என்றார் அவர்.

பதினொரு நிமிடம் பேசினோம். பரோட்டாவைப் பற்றிச் சொன்னேன். அவர் முழங்கால் வலியைக் கேட்டேன். வீட்டில் தண்ணீர் மோட்டார் ரிப்பேரான கதையைச் சொன்னேன், சிரித்தார். அந்த வாக்கியம் இரண்டு தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார், நாளைக்கு எப்படியும் நேரில் பார்க்கப் போகிறோம், நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம், எதற்குக் கெடுக்க வேண்டும் என்று விழுங்கிவிட்டேன்.

"சரிங்க, மத்ததை நேர்ல பேசிக்கலாம்."

"மத்தது என்ன?"

"ஒண்ணுமில்ல."

திரும்பும்போது கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு சேவியர் அண்ணன் சொன்னார்: "அழாதீங்கம்மா. இங்கனதான நிக்கி, எங்கயும் ஓடிறாது."

வெள்ளிக்கிழமை காலை 6.40க்குச் செய்தி வந்தது. கப்பல் உள்ளே வந்துகொண்டிருந்தது. லாட்ஜைக் காலி செய்துவிட்டு பத்து மணிக்கே துறைமுக வாசலுக்குப் போய்விட்டேன். எதிரே டீக்கடை நிழலில் இருந்தேன். லாரிகள் போயின, வந்தன. 2.45க்குப் பாஸ்கர் வெளியே வந்தார். ஐந்து மணிக்குள் திரும்ப வேண்டும் என்றார். இளைத்திருந்தார், காது மடலில் கிரீஸ் ஒட்டியிருந்தது. "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டார், நான் வந்து மூன்று நாள் ஆனதை மறந்து.

பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் மீன் சாப்பாடு இருந்தது. சீலா மீன் குழம்பு, பொரித்த துண்டு ஒன்று, ஆளுக்கு 160 ரூபாய். மூன்று நாளில் நான் சாப்பிட்டதில் இதுதான் ருசி. இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்ததும் சொன்னேன். கையெழுத்துப் போடாதீங்க, வந்துருங்க.

அவர் ஈரக் கையைக் கைக்குட்டையில் வெகு நேரம் துடைத்தார்.

"நேத்தே போட்டுட்டேன் கலா. உன்கிட்ட பேசி முடிச்சு ஒரு மணி நேரம் இருக்கும். எனக்கு மாத்து ஆள் வரலைன்னு சீஃப் இன்ஜினியர் பேப்பரை நீட்டுனாரு. நீ பரோட்டா, மோட்டார்னு சந்தோஷமாத்தான் பேசுன. சமாளிச்சுக்குறான்னு நினைச்சேன்."

"நேத்து சொல்லியிருந்தா?"

"போட்டிருக்க மாட்டேன்."

சண்டை வரவில்லை. துறைமுகக் கடற்கரைக்கு ஆட்டோ பிடித்தோம். ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். முந்தின நாள் ராத்திரி முழுக்க வேலையாம். எழுப்ப மனசில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, கை மரத்துப்போகிற வரைக்கும் அப்படியே இருந்தேன். 4.35க்கு எழுப்பினேன். வாசலில் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அதற்குள் குறுக்கே ஒரு லாரி வந்துவிட்டது.

ஜூலையில் இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் போவதாக இருந்தால், ஊருக்கு இரண்டு நாள் போதும். திருச்செந்தூர், மணப்பாடு என்று தெற்கே போக மூன்றாவது நாள் வேண்டும். வெயில் காலத்தைத் தவிர்த்து டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். முயல் தீவுக்குத் தண்ணீர் கொண்டுபோங்கள், அங்கே கடை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோவில் காத்திருப்பதையும் சேர்த்து முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்கள் தனியாகப் போகலாம். எனக்கு எங்கேயும் ஒரு தொந்தரவும் இல்லை.

என்னைப் போலக் கப்பல்காரரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. அவர்கள் சொல்லும் தேதியை நம்பித் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். பேச வேண்டியதை நேரில் பேசிக்கொள்ளலாம் என்று சேர்த்தும் வைக்காதீர்கள். கப்பல் வெளியே நிற்கும்போதே, சிக்னல் இருக்கும்போதே, பக்கத்தில் யார் நின்றாலும் சரி, சொல்லிவிடுங்கள்.