புதிய இயங்குதளமும் லயத்து மின்சாரமும்

வெள்ளிக்கிழமை முற்பகல் துபாயில் என் பேரனுக்கு ஞானஸ்நானம். மகள் அதைக் கணினித் திரையில் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். புகைப்படத்தில் தவிர நாங்கள் அவனைப் பார்த்ததில்லை. ஆனால் முகம் பார்த்துப் பேசும் அந்த மென்பொருள் எங்கள் பழைய மடிக்கணினியில் ஏற மறுத்தது. இயங்குதளத்தையே மாற்ற வேண்டுமாம்.

வியாழன் பிற்பகல் பதுளையிலிருந்து மெக்கானிக் ஒருவர் பஸ் ஏறி எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். நினைவகத்தைக் கூட்டினார், இயங்குதளம் இருந்த இறுவட்டைச் சுழலவிட்டு வேலையைத் தொடக்கினார், கடைசி பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார். பற்றரி செத்துவிட்டதால் நடுவில் மின்சாரம் போனால் மறுபடி முதலிலிருந்துதான் என்றார். அவர் ஒரு முறை சொன்னதை நான் நான்கு முறை கேட்டேன்.

எங்கள் தோட்டத்தில் மின்சாரம் நிற்பது குறைவு, மெலிவதுதான் அதிகம். மாலையில் லயத்து வரிசை வீடுகளில் டீவிகளைப் போட்டதும் என் வீட்டு விளக்கு பூசணிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். ஆகவே பதினாறு கதவுகளைத் தட்டினேன். டீவி, இஸ்திரிப்பெட்டி எதுவும் வேண்டாம், ஏழு மணிவரை பொறுங்கள் என்று கெஞ்சினேன். தோட்டப் பள்ளி வாத்தியார் கேட்டதை யாரும் மறுக்கவில்லை. டீவி இல்லாத மாலையில் வேறென்ன செய்வது? எல்லோரும் என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

திரையில் சதவீத எண் ஊர்ந்தது. எழுபத்திரண்டில் வெகுநேரம் நின்றது.

"தொண்ணூறுல அவுட்டாகாம பாத்துக்கங்க மாஸ்டர்" என்றார் பக்கத்து வீட்டுக் கங்காணி. பேச வேண்டாம் என்று அவரை அதட்டினேன், பேச்சுக்கும் மின்சாரம் செலவாவதுபோல.

தொண்ணூற்று நான்கில் விளக்கு மங்கியது. திரை கறுத்தது.

யார் வீட்டில் என்ன போட்டீர்கள் என்று வாசலுக்கு ஓடிக் கத்தினேன். பதினாறு வீட்டாரும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தார்கள். குசினியில் கரண்ட் கேத்தல் முனகிக்கொண்டிருந்தது.

"இத்தன பேரு வந்திருக்காங்க, தேத்தண்ணி குடுக்காம அனுப்பவா?" என்றாள் மனைவி. "லயம் பூரா போய் சொன்னீங்களே, எங்கிட்ட சொன்னீங்களா?"

முதலில் சிரித்தவர் கங்காணிதான்.

இறுவட்டை மறுபடி போட்டேன். தேநீர் விறகடுப்பில் தயாரானது. ஏழு மணி எட்டரையானது, ஒருவரும் எழுந்து போகவில்லை. நூறு வந்ததும் கைதட்டினார்கள்.

மறுநாள் அந்த மென்பொருளும் ஏறியது, திரையில் மகள் வந்தாள், போதகர் வந்தார், வெள்ளைத் துணிக்குள் பேரனும் வந்தான். நான் கேத்தலின் வயரைக் கையில் சுற்றியபடி குசினி வாசலில் காவல் நின்றேன். தலையில் தண்ணீர் படுவதற்கு முன்பே அவன் வீறிட்டான். நான் ஓடி வருவதற்குள் துடைத்துப் போர்த்தியும் விட்டார்கள்.

"ஒங்கள மாதிரியேதான் இருக்கான்" என்றாள் மனைவி, திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "ஒண்ணும் ஆகறதுக்கு முந்தியே கத்துறான்."