ஒரு மணி நேரப் பெரியப்பா

அம்பிக்கு வயது அறுபத்து மூன்று. முழுப் பெயர் ஆதார் அட்டைக்கும் பென்ஷன் ஆபீசுக்கும் மட்டுமே தெரியும். புனேயில் மற்ற எல்லாருக்கும் அவர் அம்பி சார். வேலையில் இருந்த காலம் முழுக்க இன்சூரன்ஸ் சர்வேயர். போசரியில் லாரி கவிழ்ந்தாலும் சரி, தொழிற்சாலையில் தீப்பிடித்தாலும் சரி, அம்பி நேரில் போய்ப் பார்த்து சேதம் இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். "நீங்க கண்ணால பார்த்தேளா, இல்லை அப்படி நினைக்கிறேளா?" என்று கேட்டுக் கேட்டே உத்தியோகத்தை முடித்தவர். கல்யாணம் ஏன் ஆகவில்லை என்று யாராவது கேட்டால் "அமையலை" என்பார். அந்த விஷயத்தில் மட்டும் மேற்கொண்டு விசாரணை கிடையாது.

ரிடையர் ஆன மனிதர்கள் கோயில் கமிட்டியில் சேருவார்கள், அல்லது சர்க்கரை அளவைப் பற்றிப் பேசுவார்கள். அம்பி 'மேலே பார்' என்றொரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். போர் விமானம் என்றால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு பால்கனிக்கு ஓடுகிற தமிழர்கள் புனேயில் இருபது பேராவது தேறினார்கள். லோஹகாவ் விமானப்படைத் தளத்தின் அக்கம்பக்கத்தில் குடியிருக்கிறவர்களில் பாதிப் பேர் இரைச்சலைத் திட்டிக்கொண்டு வாழ்கிறார்கள். மீதிப் பேருக்குப் பழகிவிட்டது. இந்த இருபது பேருக்கு மட்டும் அது கச்சேரி.

ராணுவ விமானத்தைப் படம் எடுத்துப் போடக் கூடாது என்பது குழுவின் முதல் விதி. ஆதாரம் இல்லாத இடத்தில் சண்டைக்கு முடிவேது? அதனால் அம்பி இரண்டாவது விதி கொண்டுவந்தார். என்ன பார்த்தோம் என்று எழுதும்போது, கண்ணால் பார்த்திருந்தால் கடைசியில் 'உறுதி' என்று போட வேண்டும். சத்தத்தை மட்டும் கேட்டிருந்தால் 'தோணுது'. மூன்றாவது விதி, விமானம் தவிர வேறு எதைப் பேசினாலும் ஒரு நாள் வாய்ப்பூட்டு. அதற்குத் 'தரையிறக்கம்' என்று பெயர்.

அதிகமாகத் தரையிறக்கப்பட்டவர் சின்னதுரை. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, தாத்தா காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். ஒருநாள் காலை, "தலைக்கு மேல ரெண்டு இன்ஜின் சுகோய் நிக்காம சுத்துது சார், உறுதி" என்று எழுதினார். அம்பி விடாமல் குடைந்ததில், அது பக்கத்துச் சந்தில் புதிதாகத் திறந்த மாவு மில் என்று தெரியவந்தது. அன்றிலிருந்து அவர் விங் கமாண்டர் மாவு மில். மனுஷர் அதற்கெல்லாம் அசருகிறவர் இல்லை. அடுத்த வாரமே மட்டன் பிரியாணி படத்தைப் போட்டுத் தரையிறக்கப்பட்டார்.

"ஏர்ஃபோர்ஸ்ல சாப்புடவே மாட்டாங்களா சார்?" என்று போனில் நியாயம் கேட்டார்.

"சாப்பிடுவா. ரேடியோல சொல்லிண்டு சாப்பிட மாட்டா" என்றார் அம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த இருவரும் கோகுல்நாத்தும் எரவாடாவில், பாவ் ரொட்டியோடு காரமான பயறுக் குழம்பு தருகிற ஒரு மிசல் கடையில் கூடுவது வழக்கம். கோகுல்நாத்துக்கு முப்பத்து மூன்று வயது, ஐ.டி. வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர். விமான் நகரில் எட்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தான். எல்லாரும் ஃப்ளாட் வாங்கும்போது தண்ணீர் வருமா, லிஃப்ட் ஓடுமா என்று கேட்பார்கள். இவன் புரோக்கரிடம் விமானம் எந்தப் பக்கம் இறங்கும் என்று கேட்டான். புரோக்கர் பாவம், குறையை மறைப்பதாக நினைத்துக்கொண்டு, "சத்தமே வராது" என்று சத்தியம் செய்தார். இவன் எழுந்து வரப் பார்த்ததும்தான் அவர் உண்மையைச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோகுல் மிசலைத் தொடவில்லை.

"சார், அடுத்த வாரம் பெண் பார்க்கப் போகணும். இங்கே பக்கத்துல விஷ்ராந்த்வாடிதான். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆகி நடக்க முடியலை. அப்பாவும் இல்லை. தனியாப் போனா நன்னாயிருக்காது. நீங்க வரணும்."

"வரேன். என்னன்னு சொல்லிண்டு வரது?"

"பெரியப்பான்னு."

அம்பி ஸ்பூனைக் கீழே வைத்தார். "நான் உன் பெரியப்பா இல்லையேடா."

"ஒரு மணி நேரத்துக்கு சார்."

இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் தட்டிப்போனது அம்பிக்குத் தெரியும். முதல் பெண்ணிடம் தனியாகப் பேசச் சொன்னபோது, ஆபத்தில் விமானி இருக்கையோடு வெளியே எறியப்படும் விதத்தை இவன் காப்பி ஆறும்வரை விளக்கியிருக்கிறான். இரண்டாவது இடத்தில், பெண் நமஸ்காரம் பண்ணிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்தார். "போன தடவை அம்மா அழுதுட்டா சார்" என்று கோகுல் சொன்னதும் அம்பியால் மறுக்க முடியவில்லை. பெரியப்பா என்று யாரும் தன்னை இதுவரை கூப்பிட்டதில்லை என்பதும், அந்த வார்த்தை காதுக்கு நன்றாக இருந்தது என்பதும் கூடுதல் காரணம். அதை அவர் வெளியே சொல்லவில்லை.

சின்னதுரையின் காரில் போனார்கள். 'ஃபேமிலி ஃப்ரெண்ட்' என்ற பதவியை அவர் தானே எடுத்துக்கொண்டார்.

"இன்னிக்கு நான்தான் அட்மின்" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். "ப்ளேன் பத்தி எவன் வாயைத் தொறந்தாலும் தரையிறக்கம். சாப்பாடு பேசலாம், வெயில் பேசலாம், டிராஃபிக் பேசலாம். அம்பி சார், எங்கே, ட்ரையல் பார்க்கலாம். ஒரு நிமிஷம் பேசுங்க."

அம்பி யோசித்தார். "வெயில் ஜாஸ்தி" என்றார். மேலும் யோசித்தார். "வெயில்ல காத்து லேசாயிடும். அதனால ரன்வேல கூடுதல் தூரம் ஓடித்தான்..."

"அவுட்" என்றார் சின்னதுரை.

பெண்ணின் அப்பா ஸ்வாமிநாதன் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அம்மா சந்திரிகா கேசரியும் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். ஜன்னல்களுக்கெல்லாம் இரட்டைக் கண்ணாடி. வைஷாலி எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் சுடிதாரில் வந்து எதிரே உட்கார்ந்தாள். ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டில் வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேயே.

முதல் கால் மணி நேரம் அமோகமாகப் போயிற்று. சின்னதுரை கேசரியைப் புகழ்ந்தார், ஆளந்தி ரோடு டிராஃபிக்கைத் திட்டினார், முந்திரி விலையை விசாரித்தார். கோகுல் எதற்கெடுத்தாலும் தலையாட்டினான். அம்பி பஜ்ஜியால் வாயை அடைத்து வைத்திருந்தார்.

அப்போதுதான் அது வந்தது. முதலில் கண்ணாடி சின்னதாக அதிர்ந்தது, பிறகு கூரைக்கு மேல் வானமே உருண்டு போனது. கோகுலின் முகவாய் தானாகவே மேலே போகப் பார்த்தது. அவன் அதைக் கையால் பிடித்துக்கொண்டான். சின்னதுரை துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தரையையே பார்த்தார். அம்பி கண்ணை மூடிக்கொண்டார்.

சத்தம் அடங்கியதும் ஸ்வாமிநாதன் சொன்னார்: "பாருங்கோ. நாள் பூரா இந்த ஹெலிகாப்டர் தொல்லை."

ஹெலிகாப்டர். அறையில் மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் மூச்சு நின்றது. அம்பியின் கையிலிருந்த பஜ்ஜி இரண்டாகப் பிய்ந்தது. சின்னதுரை அவருடைய முழங்காலை மெல்ல அழுத்தினார். அம்பி விழுங்கினார், பஜ்ஜியையும் சேர்த்து.

"நான் எதுவும் பெரிசா எதிர்பார்க்கலை" என்று ஸ்வாமிநாதன் தொடர்ந்தார். "நகை, சீர் எல்லாம் குறைவில்லாமப் பண்ணிடறேன். என் பொண்ணு இந்தச் சத்தத்துலயே வளர்ந்துட்டா. பரீட்சைக்குக் காதுல பஞ்சை வச்சிண்டு படிச்சா. போற இடத்துலயாவது நிம்மதியாத் தூங்கணும். அது ஒண்ணுதான் என் கண்டிஷன். விமான் நகர்னு சொன்னா. உங்க ஃப்ளாட்ல இந்தச் சத்தம் உண்டோ?"

கோகுல் வைஷாலியைப் பார்த்தான். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது என்பது அம்பிக்கே தெரிந்தது. "எப்பவாவது... லேசா" என்றான்.

அதோடு விட்டிருக்கலாம். கோகுலைப் பெற்ற அம்மா அங்கே கோயம்புத்தூரில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அம்பி செய்ய வேண்டியதெல்லாம் இன்னொரு பஜ்ஜி எடுப்பதுதான். ஆனால் அவருக்குள் இருந்த சர்வேயர் எழுந்து நின்றுவிட்டார்.

"எப்பவாவது இல்லை" என்றார் அம்பி. "தினமும். லேசாவும் இல்லை. இங்கே வரதைவிட அங்கே ஜாஸ்தி. அதுக்காகத்தான் இவன் அந்த ஃப்ளாட்டையே வாங்கினான். அப்புறம், இப்போ போனது ஹெலிகாப்டர் இல்லை. சுகோய். ரெண்டு இன்ஜின். ஹெலிகாப்டர்னா தலைக்கு மேல காத்தாடி சுத்தும், சத்தம் துண்டு துண்டா விட்டுவிட்டு வரும். இது ஒரே இழுப்பா இழுத்துண்டு போறது."

"போச்சுடா" என்று சின்னதுரை முணுமுணுத்தார். கோகுல் கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஸ்வாமிநாதனுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். "நீங்க பையனுக்குப் பெரியப்பாதானே? தம்பி பிள்ளையோட காரியத்தை நீங்களே கெடுக்கறேளே."

"பெரியப்பா இல்லை" என்றார் அம்பி. ஒன்று வெளியே வந்தால் மற்றதும் வந்துவிடும். அவருடைய அமைப்பு அப்படி. "எனக்கும் இவனுக்கும் ஒரு உறவும் கிடையாது. விமானம் பார்க்கிற வாட்ஸ்அப் குழு ஒண்ணு இருக்கு. நான் அதுக்கு அட்மின். இவனும் இவரும் மெம்பர்."

"அடிக்கடி சஸ்பெண்ட் ஆன மெம்பர்" என்று சின்னதுரை அடக்கமாகச் சேர்த்துக்கொண்டார்.

சந்திரிகா காலி டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தாள். கிளம்புங்கள் என்பதை இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. அம்பி எழுந்தார். கோகுலைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. ஒரு குடும்பத்தின் நல்ல காரியத்தை நடுக்கூடத்தில் போட்டு உடைத்தது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

"அங்கிள், உட்காருங்கோ" என்றாள் வைஷாலி. அம்பி உட்கார்ந்தார்.

"போன தடவை வந்தவா, வேலை போனதை மறைச்சா. அதுக்கு முன்னாடி வந்த ஃபேமிலி, பையனோட முதல் என்கேஜ்மென்ட்டையே மறைச்சா. நீங்க..." சரியான தமிழ் வார்த்தை கிடைக்காமல் ஒரு நொடி தேடினாள். "உங்களால அரை மணி நேரம்கூட மறைக்க முடியலை. க்யா ஹை யே, என்ன மனுஷா நீங்க? அதனால உங்களையே கேட்கறேன். இவரைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? நல்லது, கெட்டது ரெண்டும்."

அம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குத் தெரிந்த வேலை.

"குடி கிடையாது, உறுதி. சமையல் தெரியும்னு சொல்லிப்பான். சாப்பிட்டுப் பார்த்தேன், தெரியாது, உறுதி. சாப்பிடும்போது பாதியில எழுந்து ஓடுவான், அதுவும் உறுதி. செலவாளி இல்லைன்னு தோணுது. கோபம் வந்து நான் பார்த்ததில்லை."

"மனசு எப்படி?" என்று சந்திரிகா டம்ளர்களோடு நின்றபடியே கேட்டாள்.

அம்பி எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார்.

"போன மழைக்காலத்துல எனக்கு டெங்கு" என்றார் பிறகு. "ஆஸ்பத்திரியில எனக்குன்னு யாரும் இல்லை. இவன் வந்து லேப்டாப்பை மடியில வச்சிண்டு, ஆபீஸ் வேலையை அங்கேயே பார்த்துண்டு, வீட்டுக்கு அனுப்பற வரைக்கும் கூடவே இருந்தான். நான் பயந்து சுருண்டு போறப்பல்லாம் வேணும்னே ஒரு விமானத்தோட பேரைத் தப்பாச் சொல்லுவான். நான் எழுந்து உட்கார்ந்து திருத்துவேன். நர்ஸ் கேட்டா, 'உங்க பிள்ளையா?'ன்னு. இல்லைன்னேன். அதுதானே உண்மை." அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "உண்மையைச் சொல்லிட்டு எனக்கே பிடிக்காமப் போனது அந்த ஒரு தடவைதான்."

கோகுல் முகத்திலிருந்து கையை எடுத்திருந்தான். சின்னதுரை இன்னும் கொஞ்சம் கேசரி எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தியிருந்தார். ஸ்வாமிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"அப்பா, நான் ஒரு நாள் அந்த ஃப்ளாட்டுக்குப் போய் சத்தத்தைக் கேட்டுப் பார்க்கறேன். எனக்குத் தாங்குமான்னு நானே சொல்றேன்" என்றாள் வைஷாலி. பிறகு கோகுலிடம் திரும்பி, "அப்போ ப்ளேன் வந்தா, என்னை விட்டுட்டு பால்கனிக்கு ஓடக் கூடாது. கூப்பிட்டுண்டு போகணும்" என்றாள். கோகுல் சரியென்று தலையைப் பலமாக ஆட்டினான்.

ஸ்வாமிநாதன் பெருமூச்சு விட்டார். மகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அந்த வீட்டில் அதற்கு அப்பீல் கிடையாது போலிருக்கிறது. வாசல்வரை வந்தார். செருப்பு மாட்டிக்கொண்டிருந்த கோகுலிடம், "சரி, மேற்கொண்டு பேசறதுன்னா நாங்க யார்கிட்டப் பேசணும்? அம்மா நம்பரைக் கொடுங்கோ" என்றார்.

"அம்மா நம்பர் தரேன்" என்றான் கோகுல். "ஆனா முதல்ல என் பெரியப்பாகிட்டப் பேசிடுங்கோ."

ஸ்வாமிநாதன் அம்பியைப் பார்த்தார். சின்னதுரையும் பார்த்தார், இந்த மனுஷர் இப்போதும் திருத்தப் போகிறார் என்று பயந்துகொண்டு.

அம்பி தன் நம்பரைச் சொன்னார்.