தனியாகப் பார்த்த போர்ப் படம்

பொதுமக்கள் கவனத்திற்கு: போர்முனைக்குப் போகும் பத்திரிகையாளர்களைப் பற்றிய படத்தை, ஸ்ரீரங்கத்து வீரன் ஒருவன் இன்று திருச்சியில் தன்னந்தனியாக, துளியும் பயமின்றிப் பார்த்து முடித்தான்.

வரேன்னு சொன்ன நாலு பேரும் கடைசி நிமிஷத்துல கழண்டுட்டீங்க. "களத்திலிருந்து உங்கள் நிருபர்"னு க்ரூப்ல செய்தி அனுப்பிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் பார்த்தீங்க. பதில்தான் இல்ல.

இடைவேளையில டிக்கெட் கிழிக்கிற அண்ணன் வந்தார். "தம்பி, ஃப்ரெண்ட்ஸ் இன்னும் வரலையா?"

"பார்க்கிங்ல இருக்காங்கண்ணே."

"பாதிப் படம் முடிஞ்சிருச்சு. அவ்ளோ பெரிய பார்க்கிங்கா நம்மளது?"

சிரிச்சுட்டு, பக்கத்து சீட்லயே உட்கார்ந்துட்டார்.

சரி, உண்மையைச் சொல்லிடறேன். அடுத்து குண்டு வெடிச்சப்ப அவர் கையைப் பிடிச்சேன். படம் முடிஞ்சு லைட் போட்ட பிறகும் விடல.

"கைய விடுப்பா, அடுத்த ஷோவுக்கு டிக்கெட் கிழிக்கணும்"னார்.

அடுத்த படத்துக்காவது யாராச்சும் வர்றீங்களாடா?