மூன்றாவது சிங்கள்ஸ் பரமேஸ்வரி

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பவுடர் ஞாபகம் இருக்கும்... கையுறை ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தூவுகிற வெள்ளைப் பவுடர். நகக்கண், புருவம், சாப்பாட்டு டப்பாவின் மூடி என்று எல்லா இடத்திலும் இருக்கும். கழுவினாலும் போகாது.

ஆனால் பூப்பந்து ஆடுகிறவளுக்கு அது ஒரு வரம். எவ்வளவு வியர்த்தாலும் ராக்கெட் கையை விட்டு நகராது.

ஈஜோக் பக்கம் ஒரு தொழிற்சாலை. நான் பேக்கிங் பகுதி. ஆகிவிட்டது, இருபத்தைந்து வருஷம். தோமஸ் கிண்ணம், ஊபர் கிண்ணம் என்று நாடுகள் மோதுகிற பூப்பந்தையெல்லாம் டிவியில் பார்த்துப் பார்த்து, எங்களுக்கும் வருஷா வருஷம் பகுதிக்கு ஓர் அணியாக ஒரு பெண்கள் குழுப் போட்டி வைத்தார்கள். லோரி ஏற்றுகிற கொட்டகையில் பெயிண்டால் கோடு போட்டதுதான் எங்கள் கோர்ட்.

விதியெல்லாம் ஊபர் கிண்ணம் மாதிரியேதான். ஒற்றையர், இரட்டையர், ஒற்றையர், இரட்டையர், ஒற்றையர்... மொத்தம் ஐந்து ஆட்டம். எந்த அணி முதலில் மூன்று ஜெயிக்கிறதோ அதற்கு வெற்றி. மிச்ச ஆட்டம் நடக்காது.

அந்த விதியில் மாட்டிக்கொண்டவள் பரமேஸ். கடைசி ஒற்றையர், அதாவது மூன்றாவது சிங்கள்ஸ், அவள்தான். எங்கள் அணி அப்போது பலமான அணி. மூன்றாவது நான்காவது ஆட்டத்திலேயே முடித்துவிடுவோம். அதனால் மூன்று வருஷமாக அணியில் இருந்தும் அவள் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஒவ்வொரு தடவையும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவுக்குப் பாலிஷ் போட்டு வருவாள். ஓரமாகக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொள்வாள். நாங்கள் ஜெயித்ததும் ராக்கெட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, எல்லாருக்கும் இனிப்பான சிராப் தண்ணீர் ஊற்றுவாள். மெடல் மட்டும் அவளுக்கும் கிடைக்கும். அதை வீட்டில் மாட்டவே இல்லை என்று ஒருநாள் சொன்னாள்.

நான்காவது வருஷம் அவளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. மாப்பிள்ளை வீடு உலு யாம். அடுத்த மாதம் வேலையை விடுகிறாள். இறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்...

"ஒரு கேமாச்சும் ஆடிட்டு போவணும் லா. நாலு வருசமா சிராப் ஊத்தவா வந்தேன்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

இறுதி ஆட்டம் தரக்கட்டுப்பாட்டுப் பகுதியோடு. இரண்டுக்கு ஒன்று என்று நாங்கள் முன்னணி. நான்காவது ஆட்டம் நானும் ரோஹானாவும். ரோஹானா பக்கத்து கம்பத்து மலாய்ப் பெண், என் மேசைக்கு எதிர் மேசை. மூன்றாவது செட், பதினாலுக்குப் பத்து. ஒரே ஒரு பாயிண்ட் எடுத்தால் கப் எங்களுக்கு.

அப்போது ஓரத்தில் ஜிப் சத்தம் கேட்டது. பரமேஸ் ராக்கெட்டை உறையில் போட்டுவிட்டு சிராப் ஜாடியைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்த பந்து நெட்டுக்கு மேலேயே தொங்கிக்கொண்டு வந்தது. சின்னப் பிள்ளைகூட அடித்து முடித்திருக்கும். நான் அதை நெட்டில் அடித்தேன்.

ரோஹானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஓரத்தில் சிராப் ஜாடியோடு நின்ற பரமேஸைப் பார்த்தாள். அப்புறம் சர்வீஸ் அவள் கைக்கு வந்தபோதெல்லாம் பந்து நெட்டைத் தாண்டவே இல்லை.

தோற்றோம். இரண்டுக்கு இரண்டு.

பரமேஸ் ஜாடியை வைத்துவிட்டு ஜிப்பைத் திறக்க அவ்வளவு திணறினாள். உள்ளே போனாள். பெண்கள் ஒற்றையருக்கு அப்போது பதினொரு பாயிண்ட்தான். பதினொன்றுக்கு நாலு. பதினொன்றுக்கு ஏழு. தோற்றுத்தான் போனாள்... ஆனால் அந்த ஏழாவது பாயிண்ட்டை எடுத்ததும் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள் பாருங்கள், அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்கப்புறம் குழாயடியில் கை கழுவும்போது, பவுடர் வழுக்கிவிட்டது என்று ரோஹானா மலாயில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் என்றேன். பவுடர் கையில் ராக்கெட் வழுக்குமா? இரண்டு பேருக்கும் தெரியும்.

அணியைப் பார்த்துக்கொண்ட சூப்பர்வைசர் சந்திரன் அண்ணனுக்குத்தான் கோபம் தாங்கவில்லை. "மூனாவதுக்கு வேற ஆள போட்டிருக்கணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பரமேஸ் தலையைக் குனிந்துகொண்டு டம்ளர்களைக் கழுவினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்குக் கிடைத்த ஒரே ஆட்டத்தையும் பிச்சை போட்டதாக நினைத்துவிடுவாளோ என்று ஒரு பயம். சந்திரன் அண்ணன் திட்டுவாரே என்ற பயமும்தான், பொய் சொல்வானேன்.

போன வாரம் உலு யாமில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். டிவியில் தோமஸ் கிண்ணம். இப்போதெல்லாம் இருபத்தொரு பாயிண்ட், பந்து கோட்டில் பட்டதா என்று ஸ்லோமோஷனில் காட்டுகிறார்கள். அன்றைக்கு எங்கள் கொட்டகையில் அப்படி ஒரு கேமரா இருந்திருந்தால் கையும் களவுமாக மாட்டியிருப்போம். ஆட்டம் இரண்டுக்கு இரண்டு. மூன்றாவது சிங்கள்ஸ் ஆடுகிற பையன் உள்ளே வந்தான்.

பரமேஸ் தன் மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மாவும் இதே எடம்தான். அம்மாவாலதான் பேக்கிங் கப்பு போச்சு."

மகளும் சிரித்தாள். நான் கையிலிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டேன். இருபத்தைந்து வருஷமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளா...

வீட்டுக்கு வந்து ரோஹானாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். அவள் இன்னும் பவுடர் என்றுதான் சொல்கிறாள்.

பரமேஸ், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கப்பைத் தோற்றது நீ இல்லை, நாங்கள். நீ எடுத்த பாயிண்ட்டை யாரும் உனக்கு விட்டுத் தரவில்லை, எதிரே நின்றவள் உயிரைக் கொடுத்துத்தான் ஆடினாள். மகளிடம் அதைச் சொல்.

அந்தப் பந்தை நெட்டில் அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த முகத்துக்காக இன்னொரு தடவையும் அடிப்பேன். நீ டம்ளர் கழுவும்போது பக்கத்தில் சும்மா நின்றேனே... அதற்குத்தான் மன்னித்துவிடு.