அப்பாவின் வண்டிக்கு மாமா போட்ட லிப்

எங்கள் மாமாவின் நிஜ நிறம் என்னவென்று வீட்டில் பலருக்கும் மறந்துபோயிருந்தது. ஃபைபரைத் தேய்த்துத் தேய்த்து அவருடைய புருவம், மீசை, காதுமடல் எல்லாம் எப்போதும் வெள்ளைத் தூளாக இருக்கும். நேராக மாவு மில்லிலிருந்து வருகிறவர் மாதிரி நிற்பார். அதனால் மாவு மாமா. அம்மாவின் ஒரே தம்பி.

படகு கட்டும் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி மூடியதும் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. பின்பக்கத் தகர ஷெட்டின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

"இங்கயே வேலையப் பாரு மாப்ள. ஒண்ணே ஒண்ணு. என் வண்டி மேல மட்டும் கைய வைக்காத."

வண்டி என்றால் அப்பாவின் நீலக் கார். காலையில் தன் முகத்தைக் கழுவுவதற்கு முன் அதன் முகத்தைத் துடைப்பார். பெற்ற பிள்ளை எனக்கே அந்தக் கவனிப்பு கிடைத்ததில்லை.

மாமா பிழைத்துக்கொண்டார். கார்களுக்கு லிப் செய்வதில் அவர் கெட்டிக்காரர். முன்பம்பருக்குக் கீழே கூடுதலாக மாட்டும் மெல்லிய விளிம்புதான் லிப். அதை மாட்டினால் வண்டி தரையோடு தரையாக ஓடுகிற மாதிரி தெரியும். ஷெட் முழுக்க ரெசின் வாடை. சோறு சாப்பிடும்போதும் அவருக்கு வேலைப் பேச்சுதான். "விரிசல் விட்டா உடனே பட்டி வச்சு அடைக்கக் கூடாது அத்தான். விரிசல் முடியற எடத்துல சின்னதா ஒரு துளை போடணும். அப்புறம் விரிசல் மேல நீளாது" என்பார். அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். கேட்கிறாரா இல்லையா என்றே தெரியாது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், அப்பா அலுவலகப் பயிற்சிக்காகப் பத்து நாள் வெளியூர் போனார். அம்மாவுக்குக் கார் ஓட்டவேண்டும் என்று வெகுநாள் ஆசை. அப்பாவிடம் கேட்டால் "அப்புறம் பாக்கலாம்" என்பார். அந்த அப்புறம் வரவே இல்லை. அம்மா தம்பியை நச்சரித்தாள். மாமா அப்பாவின் காரிலேயே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கேட் தூண் அசையவில்லை. பம்பரின் கீழ் விளிம்பில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

"ஐயோ, உங்க அத்தான் வந்தா என்னடா சொல்றது?"

"என்னத்தச் சொல்றது? ஷெட்டும் போச்சு, நானும் போனேன்." மாமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பெயிண்ட் அடிச்சு மறைச்சுடேன்."

"வெயில்ல வெளுத்த பெயிண்டோட புது பெயிண்ட் சேராதுக்கா. தினம் தடவிக் குடுக்கற மனுஷன், கைபட்டாலே கண்டுபிடிச்சிடுவாரு."

மறைக்க ஒரே வழி லிப். பம்பரின் மேல் டேப் ஒட்டி, அட்டையை வெட்டி வைத்து வடிவம் பார்த்தார். மெழுகு தடவி, கண்ணாடி இழைத் துணியை விரித்து, ரெசினைப் பிரஷ்ஷால் குத்திக் குத்தி ஊறவைத்தார். பதற்றத்தில், ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை அதிகமாக ஊற்றிவிட்டார். கலவை சூடேறிப் புகைந்து, அம்மாவின் பிளாஸ்டிக் கிண்ணம் உருகி வளைந்தது. இரண்டாவது முறைதான் சரியாக வந்தது. தேய்த்து, கறுப்பு அடித்து மாட்டும்போது, கையில் கிடைத்த ஏழு ஸ்க்ரூவைப் போட்டார். ஒன்று நீளம், ஒன்று குட்டை, இரண்டு ஏற்கெனவே துருப்பிடித்தவை.

"கீழ படுத்து யாரு பாக்கப் போறா?" என்றார்.

அப்பா வந்தார். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"கைய வைக்காதன்னு சொன்னேன்ல?"

"ஷெட்டு குடுத்தீங்கல்ல அத்தான், அதுக்கு என்னால முடிஞ்சது."

அப்பா குனிந்து லிப்பைத் தடவினார். "நல்லாத்தான் இருக்கு" என்று உள்ளே போனார். மாமாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா கை கழுவிக்கொண்டே அம்மாவிடம், "நீ வண்டி ஓட்டக் கத்துக்கயேன். மாப்ளயே சொல்லிக் குடுக்கட்டும்" என்றார். இந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா கற்றுக்கொண்டாள். என் கல்யாணத்துக்கு மண்டபம்வரை அவள்தான் ஓட்டினாள்.

அதன்பின் பதினெட்டு வருடம், வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா அந்த லிப்பைக் காட்டுவார். "என் மாப்ள செஞ்சது." மாமா உடனே வேறு பக்கம் பார்ப்பார். உண்மையைச் சொல்லிவிடுவதென்று எத்தனையோ தடவை வந்து, டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். போன வருடம் அப்பா போய்விட்டார். சொல்லாமலே விட்டுவிட்டோமே என்று மாமா அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது.

இந்த மாதம் வண்டியை விற்க வேண்டியதாயிற்று. வாங்குகிறவர் லிப் வேண்டாம் என்றார். மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். கொஞ்ச நேரம் ஸ்க்ரூ கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

"அக்கா, இங்க வா. இது நான் போட்ட ஸ்க்ரூ இல்ல."

ஏழும் ஒரே அளவு. துருப்பிடிக்காத ஸ்டீல். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் வாஷர், கிரீஸ். லிப்பை இறக்கிவிட்டு மாமா டார்ச் அடித்தார். விரிசல் அப்படியே இருந்தது. அதன் முனைக்கு ஒன்றாக இரண்டு சின்னத் துளைகள். கை பழகாத ஆள் போட்டது; ஒன்று கொஞ்சம் கோணல்.

மாமா வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில். வெள்ளைத் தூள் முகத்தில் கண்ணீர் கோடாக இறங்கியது.

"அத்தானுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்பவே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்ல?"

அம்மா அந்தத் துளையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"திட்டியிருந்தா நீ அன்னைக்கே ஷெட்ட காலி பண்ணிட்டுப் போயிருப்படா" என்றாள்.

மாமா ஏழு ஸ்க்ரூவையும் எண்ணிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.