சிவப்புப் புள்ளி மறைந்த ஞாயிறு

தேயிலைக்குள் நிற்கும் பெண்கள் அட்டையைக் குனிந்து பார்த்துப் பிடுங்குவதில்லை. காலில் ஏதோ ஊர்கிறது என்று தெரிந்ததும் விரல் தானாக இறங்கும், சுண்டும், மறுபடி கொழுந்துக்கு ஏறிவிடும். போன் திரையில் குறுக்கே வந்து விழும் செய்தியையும் எங்கள் சனம் அப்படித்தான் சுண்டுகிறது. ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்ன எழுதியிருக்கிறது என்று கண் போவதற்குள் கட்டைவிரல் மூலையிலிருக்கும் பெருக்கல் குறிக்குப் போய்விடுகிறது.

அப்படிச் சுண்டி எறியப்படும் செய்திகளை எழுதுவதுதான் என் வேலை.

ஹட்டனில் ஒரு சின்னக் கண் மருத்துவ நிலையம். அதற்கு ஒரு செயலி. திறந்ததும் முகத்துக்கு நேரே ஒரு பெட்டி குதிக்கும். மூடிவிட்டால் அதே செய்தி உள்ளே இன்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும், யாராவது படிக்கும்வரை சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டு. இரண்டுக்கும் வாசகம் என்னுடையது. எந்த வேலையிலும் தரிக்காதவன் நான். இங்கே தரித்ததற்குக் காரணம் ஜன்னல். றோட்டுக்கு அந்தப் பக்கம் மலை தொடங்கிவிடும். பனி இறங்கி மூடும், விலகும், மறுபடி மூடும். யாரோ மலையைத் திறந்து திறந்து பார்ப்பதுபோல இருக்கும்.

போன் பண்ணிச் சொன்னால் போதாதா என்று கேட்கலாம். எங்கள் பக்கம் நம்பர் நிலைக்காது. எந்தக் கம்பெனியின் டேட்டா சல்லிசு என்று பார்த்து சிம்மைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார்கள். பழையது தீப்பெட்டிக்குள் போய்த் தொலையும். சிம் மாறினாலும் செயலி போனிலேயே கிடக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் இன்பாக்ஸ்.

ஒருநாள் வந்த அம்மா ஒருவருக்குப் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டம். இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கொழுந்தும் முத்தலும் ஒன்னாத்தான் தெரியுது தம்பி," என்றார். "கைய வச்சுத் தடவிப் பறிக்கிறேன். நிறுக்கிற எடத்துல கொட்டுனா கங்காணி முத்தலப் பொறுக்கிப் பொறுக்கி வீசுறான். இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தா மலைக்கு வராதன்னுட்டான்."

மகளின் போனில் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். வீட்டுக்கே அந்த ஒரு போன்தான்.

"கண்ணு தெரியாதவளுக்கு இந்தத் தடவுற போன் எதுக்கு?" என்றார் அம்மா. "இவ பொழுதன்னைக்கும் கண்ணாடி தொடைக்கிற மாதிரி தொடைச்சிக்கிட்டே இருக்கா."

"சும்மா இருங்கம்மா. டாக்டர் வர்ற தேதி இதுலதான் வரும்."

"வந்து? அது என்னைய கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போகுமா?"

ஆபரேஷன் வியாழக்கிழமை என்று குறித்தோம். கொழும்பிலிருந்து வரும் டாக்டர் அதன்பிறகு வெளிநாடு போகிறார். திரும்பி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வியாழனுக்கு முந்தைய ஞாயிறு காலை டாக்டரிடமிருந்து சேதி வந்தது: பயணம் முன்னால் வந்துவிட்டது, எல்லா ஆபரேஷனையும் திங்கள் காலையே முடித்துவிடுவோம். நாளைக்கே. நிலையத்தில் செயலியைப் பார்த்துக்கொள்ளும் பெண், நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், ஒவ்வொருவருக்காகப் போன் போட்டாள். மத்தியானத்துக்குள் எல்லோரும் கிடைத்துவிட்டார்கள், ஒருவரைத் தவிர.

"பொகவந்தலாவை அம்மா நம்பர் பாவனையில இல்லன்னு சொல்லுதுண்ணே."

"தோட்டத்து ஆபீசுக்கு எடுத்துப் பாரும்மா."

"ஞாயித்துக்கிழமை யாரு இருப்பா? அடிச்சு ஓயுது."

"நானே பஸ் ஏறிப் போயிடவா?"

"போயி? மேமலையா, கீழ்மலையா? எந்த லயத்து வீடுன்னு கேட்பீங்க? நம்மகிட்ட தோட்டத்துப் பேரு மட்டும்தான் இருக்கு."

திங்கள் விடியப் பேர் பதியும் பெரட்டுக்கு ஆள் கூடிவிடும். பேர் கொடுத்து மலைக்கு ஏறிவிட்டால் அந்த அம்மாவை யார் தேடிப் பிடிப்பது? டாக்டர் வந்து, செய்து, போயும்விடுவார். கங்காணி சொன்ன ஒரு மாதம் மட்டும் மிச்சமிருக்கும்.

செய்தியை எழுத உட்கார்ந்தேன். கவிதை எழுதிய கை, பழக்கத்தில் பனி என்று தொடங்கியது, ஒளி என்று நீண்டது. தங்கச்சி பின்னால் நின்று படித்தாள்.

"அண்ணே, இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள டாக்டர் பிளேன் ஏறிருவாரு."

அழித்தேன். இப்படி எழுதினேன்: அம்மா, உங்கள் கண் ஆபரேஷன் வியாழன் இல்லை. நாளை திங்கள் காலை. முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வாங்க. தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். கண்ணுக்கு மை வேண்டாம். மலைக்குப் போக வேண்டாம். அடியில் ஒரு பொத்தான்: வருவோம்.

அனுப்பிவிட்டுக் கணினியின் முன் இருந்தோம். தேத்தண்ணி ஆறியது. யாராவது அந்தச் செயலியைத் திறந்தால்தானே பெட்டி குதிக்கும்? ஜன்னலில் மலை காணாமல் போயிருந்தது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன்.

"உக்காருங்கண்ணே, தலை சுத்துது எனக்கு."

அப்போது திரையில் அந்த வரி அசைந்தது. காட்டப்பட்டது. மூச்சு விடுவதற்குள் அடுத்தது: மூடப்பட்டது.

"சுண்டிட்டாங்க," என்றாள் தங்கச்சி.

அட்டைதான். ஆனால் இன்பாக்ஸில் புள்ளி சிவப்பாக நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அச்சில் வந்த என் கவிதை எதற்காகவும் நான் இப்படிக் காத்திருந்ததில்லை. சற்றுப் பொறுத்து அதுவும் அசைந்தது. வாசிக்கப்பட்டது. கூடவே, வருவோம்.

தங்கச்சி மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். நான் ஆறிய தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன். அந்தச் சந்தோஷத்தில்தான் அவள் பக்கத்துக் கட்டத்தையும் பார்த்தாள்.

"அண்ணே, இடம் கொழும்புன்னு காட்டுது."

பொகவந்தலாவையில் இருக்கவேண்டிய போன் கொழும்பில் இருந்தது. விற்றுவிட்டார்களா? தொலைந்ததா? முன்பின் தெரியாத யாரோ விளையாட்டுக்கு அழுத்தினார்களா? இன்னொரு செய்தி போட்டோம்: அம்மா எங்கே? உடனே எங்களைக் கூப்பிடுங்கள். அது சிவப்புப் புள்ளியோடு அப்படியே கிடந்தது. பொழுது சாயும்வரை யாரும் திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். அங்கே, டிக்கெட் கூண்டுக்குப் பக்கத்தில், கையில் பையோடு மகள் நின்றாள். தனியாக.

"அம்மா எங்கம்மா?"

"வருவாங்க சார். நான் கொழும்புலருந்து இப்பத்தான் எறங்குறேன். போன வாரம் புடவைக் கடைல வேலை கெடச்சிச்சு, போன நான்தான் கொண்டுபோனேன். லீவு கேக்கணும்னு தேதி பாக்கத் தொறந்தேன். ஒரு பெட்டி வந்திச்சு, விளம்பரம்னு மூடிட்டேன். ஆனா அந்தச் செவப்புப் புள்ளி... அது இருந்தா எனக்குக் கண்ண உறுத்தும் சார். அத போக்கணும்னுதான் உள்ள போனேன். லீவுக்கு மொதலாளிகிட்ட சண்ட போட்டு வந்திருக்கேன்."

"அம்மாகிட்ட போன் இல்லையே, எப்படிச் சொன்னே?"

"கோயில் தலைவர் வீட்ல வயர் போன் இருக்கு. அது நம்பர் மட்டும்தான் மாறாது. அவர்கிட்ட வாசிச்சேன். அவரு எழுதி எடுத்துக்கிட்டாரு. சொல்லியிருப்பாரு சார்."

சொல்லியிருப்பாரு. அந்த 'இருப்பாரு' என் நெஞ்சில் குளிர்காற்றாகப் புகுந்தது. பொகவந்தலாவை பஸ் வளைவில் ஹார்ன் அடித்தது, வந்து நின்றது. மரக்கறி மூட்டை இறங்கியது. பாடசாலைப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஒரு ஆசிரியர் இறங்கினார். பிறகு படியில் யாருமில்லை. மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியாக கண்டக்டர் இறங்கித் திரும்பி நின்று கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, எண்ணெய் காணாத தலைமுடி நாலாபக்கமும் பறக்க, அம்மா இறங்கினார்.

"என்னைய எறக்கிவிட்டுட்டுத்தான் பஸ்சே போகும்னு சொன்னேன்ல," என்று அவனிடம் ஏதோ பேச்சை முடித்துவிட்டு மகளைத் தடவிப் பார்த்தார். "வந்துட்டியா? ஏண்டி, கோயில் ஸ்பீக்கர்ல எல்லாமா போடச் சொல்வே? தலைவரு ரெண்டு தரம் வாசிச்சாரு. மேமல, கீழ்மல, எல்லா லயத்துக்கும் கேட்டிருச்சு. மலைக்குப் போக வேண்டாம்னு வாசிச்சதும் பாதி சனம் நமக்கும் லீவுதான்னு நெனைச்சிருச்சு. தலைக்கு எண்ணெ வைக்காதன்னதும் பக்கத்து வீட்டுக்காரி வச்ச எண்ணெயத் தொடைச்சிட்டா, ஏதோ காத்து கருப்புன்னு."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். நானும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"யாரு எழுதினதாம் அது?" என்றார் அம்மா.

"இந்த சார்தாம்மா."

"நல்லா இருந்துச்சு தம்பி. வெளங்குற மாதிரி இருந்துச்சு."

இதற்குமுன் யாரும் என் எழுத்தை அப்படிச் சொன்னதில்லை.

மத்தியானத்துக்குள் வலது கண் முடிந்தது. மறுநாள் காலை கட்டு அவிழ்த்ததும் அம்மா நேரே ஜன்னலுக்குப் போனார். பனி விலகி மலை திறந்து கிடந்தது. எதிர்ச் சரிவில் பெண்கள் நிரை பிடித்துக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"அந்தா, இடுப்புல மஞ்சப் படங்குத் துணி கட்டியிருக்கால்ல ஒருத்தி."

தங்கச்சி எட்டிப் பார்த்தாள். "எங்கம்மா? எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது."

"ஓரத்துல நிக்கிறா பாரு. நடுவுல ரெண்டு செடிய அப்படியே விட்டுட்டுப் போறா. கங்காணி பாத்தா திட்டப்போறான்." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "ஏய் புள்ள, பின்னாடி பாரு. கண்ணு தெரியலயா ஒனக்கு?"